கொடை மேடையில் எந்த நாடகம் எடுபடும்?

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இன்றைய மேடை நாடகங்களில் எதைப் பார்க்கலாம், எதைப் படிக்கலாம்? இதிகாசங்களையும் பழங்கதைகளையும் வேடிக்கையாகத் திருப்பிப் போடும் நாடகங்கள் மீது அவருடைய நண்பர் குழுவுக்கு ஆசை. ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவின்போது ஒன்றை அவர்களே போட்டுப் பார்க்கவும் எண்ணம். 'சென்னை சபா ஜோக்குகளைத் தவிர வேறு ஏதாவது இருக்கிறதா?' என்பது கேள்வியின் வால்.

நிறைய இருக்கிறது. ஆனால் பெயர்களுக்குப் போகும் முன் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். கேலி நாடகம் என்றவுடன் எல்லோரும் வசனத்தைப் புரட்டிப் பார்த்து எத்தனை இடத்தில் சிரிப்பு வருகிறது என்று எண்ணுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது வேறு: கேலிக்கு ஆளாகும் மூலக்கதை வந்து உட்காரப்போகும் கூட்டத்துக்கு எவ்வளவு தெரியும்? மூலம் தெரியாதவர்களுக்குப் பகடி வெறும் கூச்சல்தான். உங்கள் ஊரில் முன்வரிசையில் பாய் விரித்து உட்காரும் ஆச்சிக்கு ஹாம்லெட் யாரென்று தெரியாது. அரிச்சந்திரன் சுடுகாட்டில் சந்திரமதியிடம் என்ன கேட்டான், அவள் என்ன சொன்னாள் என்பது தெரியும், பாட்டோடு தெரியும். அந்த ஆச்சியை வைத்துத்தான் நாடகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆகவே முதல் பரிந்துரை, பம்மல் சம்பந்த முதலியாரின் 'சந்திரஹரி'. இன்றைய நாடகம் கேட்டால் தாத்தா காலத்துப் புத்தகத்தை நீட்டுகிறாரே என்று முகம் சுளிக்க வேண்டாம். பெயரைப் பாருங்கள், அரிச்சந்திரனைத் தலைகீழாக நிறுத்தியிருக்கிறார். அவன் உயிரே போனாலும் பொய் சொல்லமாட்டான். இவன் உயிரே போனாலும் உண்மை சொல்லமாட்டான். ஒரு முழு நாடகத்தைத் தாங்க இந்த ஒரு முடிச்சு போதும். 1941-ல் இது படமாகவும் வந்தது, என்.எஸ். கிருஷ்ணன் நடித்தார். பம்மல் 1891-ல் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர். படித்த, உத்தியோகம் பார்க்கிற ஆட்கள் மேடையேறுவது கேவலம் என்றிருந்த காலத்தில் வக்கீல்களை வேஷம் கட்ட வைத்தவர். ஷேக்ஸ்பியரை 'அமலாதித்யன்', 'மகபதி', 'வாணிபுர வணிகன்' என்றெல்லாம் தமிழுக்குக் கொண்டுவந்ததை எல்லோரும் சொல்கிறார்கள். என் கணக்கில் அவருடைய கூர்மையான மூளை வேலை செய்திருப்பது இந்தச் 'சந்திரஹரி'யில்தான். தழுவலில் பிறருடைய எலும்புக்கூடு இருக்கிறது. இங்கே நம்முடைய கதையை நம் ஆளே பிரித்துப் போட்டிருக்கிறார்.

இதைப் போடுபவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கதாநாயகனைக் கோமாளியாக்கிவிடுவார்கள். அப்படிச் செய்தால் பத்து நிமிடத்தில் கூட்டம் பீடி பற்றவைக்கப் போய்விடும். சந்திரஹரி பொய்யை ஒரு விரதமாக, அரிச்சந்திரன் மெய்யைக் காத்த அதே கண்ணீரோடும் கம்பீரத்தோடும் காக்க வேண்டும். மயான காண்டத்தின் பழைய மெட்டுகளை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஆர்மோனியக்காரருக்குச் சிரிப்பு வரக்கூடாது. இன்றைய அரசியல்வாதி யாருடைய பெயரையும் வசனத்தில் நுழைக்காதீர்கள். நீங்கள் சொல்லாமல் விட்ட பெயரைக் கூட்டமே உரக்கச் சொல்லும், அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் கைதட்டல்.

உங்கள் பக்கத்துக்கு இது ஏன் பொருந்தும் என்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. நாங்குநேரியைத் தாண்டித் திருக்குறுங்குடியில் அழகிய நம்பி கோயிலில் கார்த்திகை மாதத்து வளர்பிறை ஏகாதசி இரவில் கைசிக நாடகம் நடக்கிறது. பாணர் குலத்து நம்பாடுவான் பெருமாளைப் பாடப் போகும் வழியில் பிரம்மராட்சசனிடம் மாட்டிக்கொள்கிறான். 'பாடிவிட்டுத் திரும்பி வந்து உனக்கு உணவாகிறேன்' என்று பதினெட்டுச் சபதம் செய்கிறான், போகிறான், திரும்பியும் வருகிறான். பசித்த பிரம்மராட்சசனுக்கே இவன் திரும்பி வந்தது நம்ப முடியாமல் இருக்கிறது. அந்த இடத்தில் பக்தியோடு ஒரு மெல்லிய வேடிக்கையும் கலந்திருக்கிறது. வேஷம் கட்டுபவர்கள் பெண்கள். நொடித்துப் போயிருந்த இந்த நாடகத்தை 1999-ல் அனிதா ரத்னமும் பேராசிரியர் சே. இராமானுஜமும் மீட்டெடுத்தார்கள். இராமானுஜம் நாங்குநேரிக்காரர், டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் படித்தவர், நவீன தமிழ் நாடகத்துக்கு நடிப்புப் பயிற்சி என்ற ஒன்றைச் சொல்லிக் கொடுத்தவர்களில் முதல் வரிசை. உங்கள் குழு எந்த நாடகத்தைப் போடுவதாக இருந்தாலும் சரி, கையெழுத்துப் பிரதியை எடுக்கும் முன் ஒரு கைசிக ஏகாதசிக்குத் திருக்குறுங்குடி போய்விட்டு வாருங்கள். சொன்ன சொல் தவறாதவன் கதையை இந்த மண் எப்படிக் கேட்கிறது என்பது புரிந்தால், சொன்ன சொல்லை ஒருபோதும் காப்பாற்றாதவன் கதையை எந்தச் சுருதியில் சொல்ல வேண்டும் என்பதும் புரியும். சந்திரஹரியும் பதினெட்டுச் சபதம் செய்து, ஒவ்வொன்றையும் மேடையிலேயே வரிசையாக உடைக்கலாம் என்று எனக்கு நெடுநாளாக ஓர் ஆசை. கோயில் கதையைத் தொடாமல், பதினெட்டு என்ற எண்ணிக்கையை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

இதிகாசக் கேலியை யாரோ நவீனர்கள் நேற்றுக் கண்டுபிடித்தது போன்ற பேச்சு ஒன்று உலவுகிறது. தோல்பாவைக் கூத்தில் இராமாயணம் நடந்துகொண்டிருக்கும்போதே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் குறுக்கே வந்து கலாட்டா செய்தார்கள். இராவணன் சபையானாலும் அவர்களுக்குக் கணக்கில்லை. வில்லுப்பாட்டில் புலவர் உருகிப் பாட, பின்பாட்டுக்காரர் நடுவே ஒரு கேள்வி கேட்டுக் கூட்டத்தைச் சிரிக்க வைக்கிறார். அடுத்த அடியில் சுடலைமாடன் சாமி வந்து நிற்கும்போது அதே கூட்டம் கைகூப்புகிறது. சிரிப்பும் பயமும் ஒரே இரவில் ஒரே மணலில் நடப்பது நமக்குப் பழக்கம். இரவு முழுவதும் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் என்ற கோமாளி மட்டும்தான் சமகாலத்தில் வாழ்கிறார். வள்ளியும் நாரதரும் புராண காலத்தில் தர்க்கம் செய்துகொண்டிருக்க, அவர் ரேஷன் கடையைப் பற்றிப் பேசுவார். 'வள்ளி திருமணம்' உள்ளிட்ட இந்த நாடகங்களுக்கு வடிவம் கொடுத்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். அன்றைக்கு அதுவும் திருநெல்வேலி ஜில்லாதான். ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர்களைத் தனித்தனியாகத்தான் ஒப்பந்தம் செய்வார்கள். ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், மேடையில்தான் சந்தித்துக்கொள்வார்கள். கதை எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் மீதியைப் பேச்சுச் சாமர்த்தியம் பார்த்துக்கொள்கிறது. இரவு முழுவதும் உட்கார முடியாவிட்டாலும் தர்க்கம் முடியும்வரையாவது உட்காருங்கள். வாய்க்கு வாய் பதில் சொல்லும் கலையை எந்த நடிப்புப் பட்டறையும் இவ்வளவு சீராகக் கற்றுத் தராது.

அடுத்து, நீங்கள் எதிர்பார்த்திருக்காத ஒன்று: 'முக்கூடற் பள்ளு'. பாடப்புத்தகத்தில் இரண்டு செய்யுளாகப் படித்து மறந்திருப்பீர்கள். அது நடிப்பதற்கென்றே எழுதப்பட்ட சாதனம். சீவலப்பேரியில் தாமிரபரணியோடு மற்ற ஆறுகள் கூடும் இடம்தான் முக்கூடல். உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிடலாம். கதைநாயகனான பள்ளனின் மூத்த மனைவி முக்கூடல்காரி, திருமால் கட்சி. இளையவள் மருதூர்க்காரி, சிவன் கட்சி. சக்களத்திச் சண்டை முற்றி, ஒருத்தி மற்றவளின் கடவுளையே இழுத்து வசைபாடத் தொடங்குகிறாள். உங்கள் சாமிக்கு நாலு முழத் துண்டுகூட இல்லாமல் புலித்தோலைக் கட்டினாராமே என்று ஒருத்தி. உங்கள் ஆள் மட்டும் என்ன, மரவுரியைத்தானே உடுத்தினார் என்று மற்றவள். புராணத்தை இதைவிடக் கிட்டத்தில் நின்று கேலி செய்த நாடகம் தமிழில் எனக்குத் தெரிந்து இல்லை. அதுவும் பக்திக்கு ஒரு கீறல் விழாமல்!

ஆனால் அப்படியே எடுத்துப் போட்டால் சிக்கல் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. உழைக்கும் சாதி ஒன்றின் வாழ்க்கையை மேலே நின்று வேடிக்கை பார்த்த காலத்து நூல் அது. பள்ளனைத் தண்டனையாகத் தொழுமரத்தில் பூட்டும் பகுதியை இன்று சிரிப்புக்காகப் போட்டால் அது வக்கிரம். அதே நூலில் பண்ணைக்காரனின் தோற்றத்தை வருணிக்கும் பகுதியும் இருக்கிறது. கேலியின் முழுக் காரமும் அதிகாரம் செய்பவன் மீது விழும் இடம் அது. சக்களத்திகளின் ஏசலையும் பண்ணைக்காரன் வருணனையையும் எடுத்துக்கொண்டு, தண்டனைக் காட்சியைச் சிரிப்பு இல்லாமல் காட்டுங்கள். அந்தச் சமூகத்து நண்பர்களும் உட்கார்ந்து பிரதியைத் திருத்தட்டும். வேஷம் கட்ட மட்டும் அழைத்துவிட்டுப் பிரதியை நீங்களே வைத்துக்கொள்வது சரியாக வராது.

குற்றாலக் குறவஞ்சியை நாட்டியக்காரர்கள் எடுத்துப் போய்ப் பட்டுப்புடவை கட்டிவிட்டார்கள். வசந்தவல்லி பந்தடிப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். பின்பாதியில் சிங்கன், காணாமல் போன சிங்கியைத் தேடிக் கண்டுபிடித்தபின், அவள் காலில் கிடப்பது என்ன, கையில் கிடப்பது என்ன என்று ஒவ்வொரு நகையாகச் சந்தேகத்தோடு கேட்கும் உரையாடல் இருக்கிறதே, அது முக்கால்மணி நேரத் தனி நாடகம். ஆட இரண்டு பேர் போதும்.

அதை எழுதிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊரான மேலகரத்திலிருந்துதான் கந்தசாமிப் பிள்ளையும் சென்னைக்குப் போனார். புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' சிறுகதைதான், நாடகமல்ல. ஆனால் தமிழில் இதைவிட மேடைக்கு ஆயத்தமாக நிற்கும் சிறுகதையை நான் காணவில்லை. பிராட்வே மூலையில் கடவுள் வழி கேட்கிறார். பிள்ளை அவரைத் தம் வைத்தியப் பத்திரிகைக்கு ஜீவிய சந்தாதாரர் ஆக்கப் பார்க்கிறார். தாண்டவம் ஆடிக் காட்டிய கடவுளைக் கலை தெரிந்த பெரிய மனிதர்கள் ஏற்க மறுக்கிறார்கள். உரையாடலைப் பெரும்பாலும் அப்படியே பேசலாம். நகரத்துக்குப் பிழைக்கப் போன நெல்லைக்காரனின் கணக்குப் புத்தி ஒவ்வொரு பதிலிலும் தெரிகிறது. அதை உங்கள் பையன்கள் நடிக்க வேண்டியதே இல்லை, பேசினாலே போதும். கடவுள் வேஷத்துக்கு மட்டும் கொஞ்சம் அப்பாவியான முகம் தேடுங்கள். கிரீடம், நீலச் சாயம் எதுவும் வேண்டாம். புதுமைப்பித்தன் 'பக்த குசேலா' என்று ஒரு நாடகமும் எழுதி, அதற்கு 'மாடர்ன் நாடகம்' என்று பெயரடையும் சேர்த்தார். தொகுப்பில் தேடிப் படித்துப் பாருங்கள்.

இனி உயிரோடு இயங்கும் குழுக்கள். கோவில்பட்டியில் முருகபூபதியின் மணல்மகுடி இருக்கிறது. நாடகப் பாடலாசிரியர் மதுரகவி பாஸ்கரதாஸின் பேரன் அவர். எழுத்தாளர் கோணங்கியின் தம்பி. 'கூந்தல் நகரம்', 'செம்மூதாய்', 'மிருக விதூஷகம்', 'இடாகினி கதாயரத்தம்' ஆகியவை அவருடைய நாடகங்களில் சில. கதை என்ன என்று கேட்டுக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். உடலும் ஓலமும் முகமூடியும் மண்ணும் சேர்ந்து ஏதோ நிகழும். அவருடைய கோமாளிகள் சிரிக்க வைப்பதைவிட அதிகமாகக் கலங்க வைப்பார்கள். உங்கள் கொடை மேடைக்கு இது வழிகாட்டி அல்ல. ஆனால் இவ்வளவு பக்கத்தில் இப்படி ஒருவர் இருக்கும்போது பார்க்காமல் இருப்பது குற்றம்.

கி. ராஜநாராயணன் சேகரித்த நாட்டார் கதைகளைக் கொண்டு சென்னையின் பெர்ச் குழு 'கிரா குழம்பு' என்று ஒரு நாடகம் செய்தது. இயக்கம் ராஜீவ் கிருஷ்ணன். இடைசெவல் கரிசலின் கதைகள், அவற்றுக்கே உரிய குறும்போடு. இந்த வகைக் கதைக்குப் பெரிய அரங்கம் எதற்கு, ஒரு திண்ணை போதும். உங்கள் ஊர் ஆச்சிகளிடம் இன்னும் அச்சேறாத கதைகள் கிடக்கும். அதே முறையில் பத்துக் கதை கோத்து நீங்களே ஒன்று செய்யலாம், உரிமைத் தொகை கேட்டு யாரும் வரமாட்டார்கள்.

பழங்கதையைத் திருப்பிப் பார்ப்பதில் பிரளயனின் சென்னைக் கலைக்குழுவுக்குத் தனி இடம் உண்டு. 'உபகதை' இதிகாசத்தில் ஓரத்தில் நிற்பவர்களை நடுவுக்குக் கொண்டுவந்தது. 'வஞ்சியர் காண்டம்' சிலப்பதிகாரத்தை மீண்டும் சொன்னது. வீதி நாடகத்தில் பழகிய குழு என்பதால் மைக் இல்லாமலும் கடைசி வரிசைக்குக் கேட்கும். அந்தக் குரல் பயிற்சிக்காகவே பார்க்கலாம். இன்குலாபின் 'ஔவை'யை அ. மங்கை இயக்கினார். தடியூன்றிய கிழவியாக நாம் அறிந்த ஔவையாரைச் சங்க காலத்துக் கள்ளுக்கும் பாணர் கூட்டத்துக்கும் நடுவே இளம் பெண்ணாக நிறுத்தும் பிரதி. இது கேலி அல்ல என்றாலும் சிரிப்பு நிறைய உண்டு. மூலத்தைத் திருப்பிப் போடுவது என்றால் என்ன என்பதற்கு இதைப் பாடமாகவே வைத்துக்கொள்ளலாம். கே.ஏ. குணசேகரனின் 'பவளக்கொடி அல்லது குடும்ப வழக்கு' உங்களுக்கு நேரடியாகவே பயன்படும். சங்கரதாஸ் சுவாமிகளின் பவளக்கொடியைத் தெரிந்த கூட்டம் உங்களிடம் இருக்கிறது. ஸ்ரீஜித் சுந்தரத்தின் கட்டியக்காரி குழு பாமாவின் 'மொளகாப் பொடி' கதையை மேடையேற்றியது. நிலக்காரியிடம் பெண்கள் காட்டும் எதிர்ப்பு அதில் விழுந்து விழுந்து சிரிக்க வைக்கும். கீழே இருப்பவர் மேலே இருப்பவரைப் பார்த்துச் சிரிக்கும் நாடகத்துக்கு அதை உதாரணமாகச் சொல்வேன்.

சபா நாடகங்களைத் திட்டினால் நவீன நாடகக்காரனாகிவிடலாம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சோவின் 'முகமது பின் துக்ளக்' 1968-ல் வந்தது. சரித்திரத்தை எழுப்பிக் கொண்டுவந்து நிகழ்கால நாற்காலியில் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்ற கேள்வி இன்னும் பழசாகவில்லை. கிரேஸி மோகனின் 'சாக்லேட் கிருஷ்ணா', 'கூகுள் கடோத்கஜன்' இரண்டிலும் புராணப் பாத்திரம் நடுத்தரக் குடும்பத்து வரவேற்பறைக்குள் வந்து இறங்குகிறது. பார்க்க அருமை. ஆனால் அந்த நகைச்சுவை முழுவதும் சொல் மேல் சொல் ஏறி ஓடும் வேகத்தில் இருக்கிறது. மூடிய அரங்கம், நல்ல ஒலிபெருக்கி, மயிலாப்பூர்க் காது மூன்றும் வேண்டும். ஊர்க் கொடையில் பக்கத்துத் தெருக் குழாய் ஒலிபெருக்கியில் பாட்டு அலறிக்கொண்டிருக்கும்போது சிலேடை செத்துவிடும். எஸ்.வி. சேகரின் 'மகாபாரதத்தில் மங்காத்தா' பெயரிலேயே பாதியைச் சொல்லிவிடுகிறது. மீதி, துணுக்குத் தோரணம். ஒரு மாலைப்பொழுதுக்குச் சரி.

இந்த வகையில் உங்கள் குழு போடத் தகுந்தது சுஜாதாவின் 'கடவுள் வந்திருந்தார்'. ஓய்வு பெற்ற ஒரு மனிதர், அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும் எதிர்காலத்து விருந்தாளி, பைத்தியம் என்று முதலில் விரட்டிப் பிறகு சாமி என்று காலில் விழும் ஊர். சுஜாதாவின் நாடகங்களை மேடையில் வாழவைத்த பூர்ணம் விசுவநாதன் நெல்லைச் சீமைக்காரர் என்பதைச் சொல்லாவிட்டால் எங்கள் ஊர் ஆட்கள் சண்டைக்கு வருவார்கள். பத்துப் பேருக்குள் முடித்துவிடலாம், ஒரே காட்சி அமைப்பு, விளக்கு வேலை குறைவு. கண்ணுக்குத் தெரியாதவரோடு பேசும் காட்சியில் எதிரே ஆளை நிறுத்தாமல் ஒத்திகை பார்த்துப் பழகுங்கள்.

வேடிக்கை அல்லாதவற்றையும் ஒருவரியில் சொல்லிவிடுகிறேன், படித்து வையுங்கள். கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' (1980), கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கிராமத்தின் தாகம். இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை', 'ஔரங்கசீப்'. லியர் மன்னன் கதையைத் தழுவிய அவருடைய 'இறுதி ஆட்டம்'. ந. முத்துசாமியின் 'நாற்காலிக்காரர்'; அரசியல் கேலி அதில் வறண்ட குரலில் வரும், இரண்டாம் வாசிப்பில்தான் சிரிப்பு பிடிபடும். கிரேக்கத்து 'டிராய் பெண்க'ளை நம் ஒப்பாரியில் கரைத்த இராமானுஜத்தின் 'வெறியாட்டம்'.

வெளியூர்ச் சரக்கு? ஹாம்லெட்டில் சில காட்சிகளில் வந்து போகும் ரோசன்கிராண்ட்ஸ், கில்டன்ஸ்டெர்ன் இருவரையும் நாயகர்களாக்கி டாம் ஸ்டாப்பர்ட் 1966-ல் மேடையேற்றிய நாடகத்தைப் படியுங்கள். பிரளயன் ஓரப் பாத்திரங்களோடு செய்வதை இவர் வேறொரு வழியில் செய்கிறார். கோமாளிகள் சேர்ந்து ஹாம்லெட் போட முயலும் ரஜத் கபூரின் நாடகம் வாய்ப்புக் கிடைத்தால் பார்க்கத் தகுந்தது. அதுல் குமாரின் 'பியா பெஹ்ருபியா' என்னை யோசிக்க வைத்தது. ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு' இந்தியில் ஆட்டமும் பாட்டுமாக மாறி, 2012-ல் லண்டன் குளோப் அரங்கம்வரை போனது. ஆண் வேடமிட்ட பெண், அவளைக் காதலிக்கும் இன்னொரு பெண் என்ற கதை அது. கே.பி. சுந்தராம்பாள் ராஜபார்ட் கட்டிச் செங்கோட்டை கிட்டப்பாவோடு எதிரெதிரே பாடிய மேடை நம்முடையது. ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களைக் கொண்டே அந்தக் கதையை யாராவது செய்தால், மூலம் தெரிய வேண்டும் என்று மேலே நான் சொன்ன நிபந்தனையைத் தளர்த்திக்கொள்ளத் தயார். கதை தெரியாவிட்டாலும் வடிவம் தெரியுமே.

அனுமதி பற்றி: 1954-ன் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் எம்.ஆர். ராதா இராமாயணத்தைக் கிழித்து நாடகம் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் வந்தது. நாடகக்காரரும் பத்திரிகையாளருமான ஞாநி தொடுத்த வழக்கில் 2013-ல் சென்னை உயர்நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்றது. ஆகவே பிரதியைக் காவல் நிலையத்தில் கொடுத்துத் திருத்தம் வாங்குவது பழங்கதை. ஒலிபெருக்கிக்கும் கூட்டத்துக்கும் அனுமதி வேறு, அது எப்போதும் வேண்டும். சட்டம் வழிவிட்டாலும் கொடை கமிட்டி வழிவிட வேண்டுமே. சாமியைக் கேலி செய்கிறார்கள் என்று யாராவது கிளப்பிவிடுவதற்கு முன் கமிட்டிப் பெரியவர்களை ஒருநாள் ஒத்திகைக்கு அழைத்து முன்னால் உட்கார வையுங்கள். சந்திரஹரியில் கேலிக்கு ஆளாவது பொய்யன்தான் என்பதை அவர்களே ஊருக்குச் சொல்லிவிடுவார்கள்.

பம்மல், சங்கரதாஸ் சுவாமிகள், புதுமைப்பித்தன் மூவருக்கும் காப்புரிமைத் தொல்லை இல்லை. சுஜாதா, இந்திரா பார்த்தசாரதி, இன்குலாப், குணசேகரன் நூல்களுக்கு உரியவர்களிடம் எழுதி அனுமதி வாங்குங்கள். டிக்கெட் இல்லாத நிகழ்ச்சி என்றாலும் கேட்பதே முறை. நேரம் ஒன்றரை மணிக்கு மேல் போக வேண்டாம். வில்லுப்பாட்டுக்கு முன்னால் உங்களுக்கு இடம் கொடுத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். சாமி ஆட்டத்துக்குப் பின் கொடுத்தால், எவ்வளவு கெஞ்சினாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள், உட்கார ஆள் இருக்காது.